காலையில் பேசாத கணவர்

நான் விடிவதற்குள் எழுந்து வாய் ஓயாமல் பேசுவேன். என் கணவருக்குச் சாயந்தரம்தான் பேச்சே வரும். அவர் காலையில் முகம் கொடுக்காவிட்டால், என்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று பயந்துவிடுவேன். போன மாதம் ஒருநாள் காலை மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லை. கோபத்தில் திருத்தணியில் பஸ் ஏறி, பொதட்டூர்பேட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் விடிகாலை, தைராய்டு மாத்திரையைத் தேடினேன். எங்கள் வீட்டில் அது தண்ணீர் டம்ளரோடு அடுப்புப் பக்கத்தில் தயாராக இருக்கும். தினமும் படுக்கப் போகுமுன் எடுத்து வைப்பவர் அவர்தான்.

உடனே போன் செய்தேன்.

"ஆங், மாத்திரைய உட்டுட்டுப் போய்ட்டியே! எடுத்துகினு அங்க வர்றதுக்கு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்" என்றார். காலையில் அவர் அத்தனை பேசியது அன்றுதான்.

இப்போதெல்லாம் கேட்க வேண்டியதைச் சாயந்தரம் டீயோடு கேட்கிறேன். காலையில் மாத்திரை போடும்போது, தூங்குகிற அந்த முகத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வதோடு சரி.