அப்பாவுக்குத் தொண்டை கட்டிய வருஷம்

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் அப்பா வேலை பார்த்தார். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அங்கே உலை வெடித்தது. அப்பா தப்பித்துவிட்டார். வருஷாவருஷம் அந்தத் தேதியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பாஸ்டரை அழைத்து, சபையாருக்கெல்லாம் கோழி பிரியாணி போட்டு ஸ்தோத்திரக் கூட்டம் நடத்துவோம். கர்த்தர் செய்த நன்மையை மறந்த வீடு உருப்படாது என்பது அம்மாவின் கட்சி.

கூட்டத்தில் எல்லோரும் காத்திருப்பது அப்பாவின் சாட்சிக்குத்தான். கர்த்தர் தனக்குச் செய்ததை நாலு பேர் முன்னால் எழுந்து சொல்வதற்குச் சாட்சி என்று பெயர். வீட்டில் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத அப்பா, மைக் கைக்கு வந்தால் ஆளே மாறிவிடுவார். உலைக்குப் பக்கத்தில் நின்றது, கர்த்தர் டீ குடிக்கும் ஆசையைக் கொடுத்து வெளியே அனுப்பியது, கிளாஸை வாயில் வைக்கும்போது சத்தம் கேட்டது என்று மடை திறந்த மாதிரி வரும். எங்கே குரலைத் தாழ்த்துவார், எங்கே சபையார் "தோத்திரம்" சொல்வார்கள் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். சித்தி பிள்ளைகளிடம் அப்பா மாதிரியே நடித்துக் காட்டி நல்ல பெயர் வாங்கியிருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், கூட்டத்துக்கு முந்தின நாள் அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மிளகுப் பாலுக்கும் மசியவில்லை, உப்புத் தண்ணீருக்கும் மசியவில்லை. "சாட்சி இல்லாம இன்னா கூட்டம்?" என்று அம்மா கவலைப்பட, நான் சொல்கிறேன் என்று முன்னால் போய் நின்றேன். அம்மா ஒருமுறை சொல்ல வைத்துக் கேட்டார்.

"அப்பா சொல்றத அப்டியே சொல்லு. நீயா எதுனா சேத்துக்கினு நிக்காத."

சேர்ப்பதற்கு என்னிடம் ஒன்று இருந்ததுதான் சிக்கல். எப்போதோ சித்தப்பாவிடம் அப்பா தணிந்த குரலில் பேசியதை, தூங்குவது போல் படுத்துக்கொண்டு கேட்டிருந்தேன். டீ குடிக்கப் போகும்போது தன் இடத்தில் இன்னொருவரை நிற்க வைத்துவிட்டுத்தான் அப்பா போயிருக்கிறார். அந்த ஆள் உயிரோடு வெளியே வரவில்லை. இவ்வளவு பிரமாதமான கட்டத்தை அப்பா ஏன் விட்டுவிடுகிறார் என்று எனக்கு வருத்தம். அதையும் சேர்த்தால் தோத்திரம் இன்னும் பலமாக விழும் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிறு மத்தியானம் பந்தல் நிறைந்துவிட்டது. கடைசி வரிசையில், ஆந்திர எல்லையைத் தாண்டினால் வரும் தடா ஊர்ப் பக்கத்து அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். தெலுங்குக்காரர், எங்கள் சபையைச் சேர்ந்தவரும் இல்லை. வருஷாவருஷம் அப்பாவே நேரில் போய் அழைத்துவிட்டு வருவார். அவர் வந்து உட்கார்ந்து, யாரோடும் பேசாமல் எழுந்து போய்விடுவார். அப்பாகூட வேலை செய்தவருடைய சம்சாரம் என்று மட்டும் அம்மா சொல்லியிருந்தார். அதற்கு மேல் கேட்க எனக்கும் தோன்றவில்லை.

நான் அப்பாவைப் போலவே ஆரம்பித்தேன். டீ கிளாஸ் வந்தது, சத்தம் வந்தது, தோத்திரமும் அந்தந்த இடத்தில் ஒழுங்காக வந்தது. எனக்குக் குஷி தாளவில்லை.

"எங்கப்பா நிக்க வேண்டிய எடத்துல வேற ஒரு அண்ணன் நின்னுக்கினு இருந்தாரு. அவரு செத்துட்டாரு. எங்கப்பா பொழச்சிக்கினாரு. கர்த்தருக்குத் தோத்திரம்."

தோத்திரம் வரவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கடைசி வரிசையில் அந்த அம்மா எழுந்து நின்றார்.

"அந்த அண்ணன் பேரு இன்னாமா?"

குரலில் கோபம் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். முழுச் சாட்சியையும் ஒப்பித்தவளுக்கு அது மட்டும் தெரியவில்லை. அவமானத்தில் கண் கலங்கி அப்பாவைப் பார்த்தேன். அப்பா எழுந்து ஏதோ சொன்னார், வெறும் காற்றுதான் வந்தது. நான் மைக்கை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

"வெங்கடேசுலு," என்றார் அப்பா. "நான்தான் அவன அங்க நிக்க வெச்சிட்டுப் போனேன்."

"தெரியும்ணா. அன்னிக்கே கம்பெனில சொல்லிட்டாங்க," என்றார் அந்த அம்மா. "ஒரு தபாவாவது அவரு பேரச் சொல்லுவியான்னுதான் ஆறு வருசமா வந்துக்கினு இருக்கேன். இன்னொரு தபா சொல்லு."

அப்பா சொன்னார். பாஸ்டர் தயாரித்து வைத்திருந்த பிரசங்கத்தை எடுக்கவே இல்லை. எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தார். அப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற என் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு அடி நிச்சயம் என்று காத்திருந்தேன், யாரும் அடிக்கவில்லை. அடுத்த வருஷம் தடா அம்மா தன் மகனையும் கூட்டிவந்து, முன்வரிசையில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பாவின் தொண்டை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மைக்கை வாங்கியதும் முதலில் வெங்கடேசுலுவின் பெயரைச் சொன்னார். அதன் பிறகு அவருக்குப் பேச்சே எழும்பவில்லை. திக்கித் திணறி இரண்டு வாக்கியம் சொல்லி உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் எந்த வருஷமும் அவர் பழையபடி கோர்வையாகச் சொன்னதில்லை. அவ்வளவு அருமையான சாட்சியை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று வெகுகாலம் மனசுக்குள் அழுதுகொண்டிருந்தேன்.