மூன்று மெரூன் புள்ளிகள்

கிள்ளானில் காப்பார் சாலைப் பக்கம் குமுதாவின் கார்ப் பட்டறை எங்கே என்று கேட்டால், வழி சொல்கிறவர்கள் கூடவே ஓர் எச்சரிக்கையும் சொல்லி அனுப்புவார்கள். "அந்த அக்கா கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. காடிக்கு என்ன நோவுன்னு நீங்களே சொல்லிடாதீங்க." அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. "உனக்கே தெரியும்னா இங்க எதுக்குக் கொண்டு வந்தே? வீட்டுலயே செஞ்சுக்க வேண்டியதுதானே?" என்று முகத்துக்கு நேரே கேட்பாள். கேட்டுவிட்டு அந்தக் காரையே நாள் முழுக்கக் குடைந்து சரிசெய்தும் கொடுப்பாள்.

வயது ஐம்பத்தொன்று. பள்ளி முடித்த கையோடு ஓர் உதிரிச் சாமான் கடையில் ஒன்பது வருடம் நின்றவள். மெக்கானிக்குகள் ஒரே காருக்கு இன்றைக்குப் பிளக் வாங்குவார்கள், நாளைக்குக் காயில் வாங்குவார்கள், மறுநாள் பம்ப் வாங்குவார்கள். குமுதாவுக்கு வயிறு எரியும். "என்ன நோவுன்னே தெரியாம மருந்து வாங்குறானுங்க" என்று ஒருநாள் கடை முதலாளி தவுக்கேயிடம் வாய்விட்டே சொன்னாள். "அப்ப நீயே போய்ச் செய்யேன் லா" என்று அவர் சிரித்தார். போனாள். இரவு வகுப்பில் படித்து, இன்னொருவர் பட்டறையில் இரண்டு வருடம் கை பழகி, பிறகு சொந்தமாகவே கடை திறந்தாள்.

திறந்த முதல் மாதம் ஓர் ஆள் கார் கொண்டு வந்தார். இன்னொரு காரின் அடியிலிருந்து குமுதா தலையை நீட்டியதைப் பார்த்தார். "ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்றார். இல்லை என்றதும் ரிவர்ஸ் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆண் மெக்கானிக் தப்பு செய்தால் அது அந்த ஒருவனுடைய தப்பு. அவள் செய்தால் "பொம்பளை வேலை, அப்படித்தான் இருக்கும்" என்றாகிவிடும். அதனால் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்: "என் கை பட்ட காடி அதே நோவுக்குத் திரும்பி வராது." இருபத்திரண்டு வருடமாக அந்த வாக்கியத்துக்குப் பங்கம் வரவில்லை.

அதைக் காப்பாற்ற அவள் வைத்திருந்த ஆயுதங்களில் ஒன்று மெரூன் நகச்சாயம். ஒரு கல்யாணத்துக்காக வாங்கியது, கிரீஸ் படிந்த விரல்களில் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. வீணாக்குவானேன் என்று, முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் அதையே ஒரு சொட்டு வைக்க ஆரம்பித்தாள். கழற்றும் சாமான்களுக்குப் புள்ளிகள் வைத்து எண் போடுவாள். இந்தப் பழக்கம் வேறு எந்தப் பட்டறையிலும் கிடையாது. கணவர் கன்னையா துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர். மாதம் ஒரு புட்டி அவர்தான் வாங்கி வருவார். கடைக்காரி அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பாளாம்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரம்லத் ஒரு பழைய வாஜா காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஓட்டினாள் என்பதைவிட உலுக்கிக்கொண்டு வந்தாள் என்று சொல்லலாம். பேனட் தனியாக ஆடியது. ரம்லத் கிள்ளான்காரி, தாதி. செமினியில் ஒரு மருத்துவமனையில் புது வேலை கிடைத்து, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் ஷிப்ட். நீலம் பூசிய அந்தக் காரை எட்டு மாதத்துக்கு முன்பு ரவாங்கில் ஒருவரிடம் வாங்கியிருந்தாள்.

"மூணு பட்டறை பார்த்துட்டேன் அக்கா. கடைசியா பூச்சோங்ல கமலநாதன்னு ஒருத்தர். பிளக், காயில் எல்லாம் மாத்தினார். இப்ப எஞ்சினே போச்சு, மொத்தமா பிரிக்கணுங்கிறார். திங்கக்கிழமை நான் எப்படி வேலைக்குப் போவேன்?" கண்ணில் நீர் கோத்துவிட்டது.

"அழுகையெல்லாம் அப்புறம் வச்சுக்க. பசியாறினியா? இல்லையா? சரி, முதல்ல பதில் சொல்லு. காலையில எடுக்கும்போது ஆடுதா, சூடானதும் ஆடுதா? ஏர்கான் போட்டா என்ன ஆகுது? எண்ணெய் எந்த ஸ்டேஷன்ல அடிப்பே?"

மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கார்த்திகேசு பேப்பரை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். ரயில்வேயில் ஓய்வு பெற்று பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறவர். சனிக்கிழமைதோறும் தன் காரைக் கொண்டு வருவார். அதற்கு ஒரு கோளாறும் இருக்காது. இங்கே கேட்பதை அங்கே சொல்வதும், அங்கே கேட்பதை இங்கே சொல்வதும்தான் அவருக்குப் பொழுது. "வானொலி அண்ணே" என்றுதான் குமுதா கூப்பிடுவாள். அவள் புகழ் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் போனதற்கு அவரே காரணம்.

குமுதா ஸ்கேனரை மாட்டினாள். மூன்றாவது சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றது. "இது எங்க வலிக்குதுன்னுதான் சொல்லும். ஏன்னு நாமதான் பார்க்கணும்" என்று அதை ஓரமாக வைத்தாள். நெருப்புப் பொறி சரியாக வந்தது. சிலிண்டர் ஒவ்வொன்றிலும் அழுத்தம் பிடித்துப் பார்த்தாள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு. "எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு. இதைப் போய்ப் பிரிக்கச் சொன்னானா? எவன் அவன்!"

அடுத்தது இன்ஜெக்டர். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பொடித்துத் தூவுகிற, விரல் நீளமுள்ள சாமான். சிலிண்டருக்கு ஒன்று. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஒவ்வொன்றின் வயரையும் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினாள். ஒன்றைப் பிடுங்கியதும் எஞ்சின் தள்ளாடியது. இரண்டிலும் நான்கிலும் அப்படியே. மூன்றைப் பிடுங்கியபோது அது கண்டுகொள்ளவே இல்லை. நீளமான ஸ்க்ரூட்ரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டாள். மற்ற மூன்றும் டிக் டிக் டிக் என்று துடித்தன. மூன்றாவது தொண்டை கட்டியவன் போல முனகியது. மீட்டரை வைத்துப் பார்த்தாள். வயரிலும் குறையில்லை, உள்ளே இருக்கும் கம்பிச்சுருளும் நன்றாக இருந்தது.

"ஊசி உள்ள அடைச்சுக்கிட்டு இருக்கு. ரம்லத்து, திங்கக்கிழமை நீ செமினிக்கு இதுலதான் போறே. எழுதி வச்சுக்க."

பம்பின் ஃபியூசைப் பிடுங்கி, குழாயில் தேங்கியிருந்த பெட்ரோல் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு, நான்கு இன்ஜெக்டரையும் பிடித்திருக்கும் ரெயில் என்கிற குழாயைக் கழற்றி, மூன்றாவதை வெளியே இழுத்தாள். அதன் வாயில் கண்ணால் பார்க்கிற அளவில் ஒரு சின்ன வலைக்கூடை இருக்க வேண்டும். பெட்ரோலோடு வரும் தூசியைப் பிடிக்கும் ஃபில்டர் அதுதான். டார்ச் அடித்துப் பார்த்தாள். வாய் காலியாக இருந்தது.

"அடப்பாவிங்களா!" என்று அவள் போட்ட சத்தத்தில் கார்த்திகேசு எழுந்தே நின்றுவிட்டார். "ஃபில்டரே போடாம மாட்டியிருக்கான் அண்ணே! எந்தக் குருட்டுப் பய கை வச்சான் இதுல? ரம்லத்து, அந்தப் பூச்சோங்காரன் நம்பரக் குடு!"

எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலேயே போட்டாள். கமலநாதன் சின்ன வயதுக் குரலில் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டாள். இது தொழிலா, பொம்மைக் காரா, ஒரு பெண் நெடுஞ்சாலையில் நின்றிருந்தால் யார் பொறுப்பு என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"அக்கா, சத்தியமா நான் ரெயிலைக் கழட்டவே இல்லக்கா. பிளக்கும் காயிலும்தான்..."

"கழட்டாதவன் கழட்டலன்னு சொல்லுவான், கழட்டினவனும் கழட்டலன்னுதான் சொல்லுவான்! இருபத்திரண்டு வருசமா இதைத்தானேப்பா கேக்குறேன். நான் கண்ணால பார்க்காமலா பேசுறேன்? பொய் வேற!" என்று போனை வைத்தாள். கார்த்திகேசுக்கு முகமெல்லாம் பிரகாசம். ஒரு வாரத்துக்குத் தாங்கும் சரக்கு. ரம்லத் எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கி வருவதாகப் பக்கத்துக் கடைக்குப் போனாள்.

கோபம் கொஞ்சம் இறங்கியதும் குமுதா நகச்சாயப் புட்டியைத் திறந்தாள். கழற்றிய இன்ஜெக்டருக்கு எண் போட வேண்டும். புள்ளி வைக்கிற இடத்தில் கறுப்பாக அழுக்குப் படிந்திருந்தது. துணியால் அழுத்தித் துடைத்தாள்.

அந்த இடத்தில் ஏற்கெனவே மூன்று புள்ளிகள் இருந்தன. மெரூன்.

குமுதா புட்டியை மூடி வைத்தாள். மற்ற மூன்றையும் கழற்றித் துடைத்தாள். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, நான்கு புள்ளி. அந்த மூன்றின் வாயிலும் ஃபில்டர் ஒழுங்காக இருந்தது. எல்லாம் நினைவுக்கு வந்தது. நாலு வருடத்துக்கு முன்பு இதே கார் இந்தப் பட்டறைக்கு வந்தபோது வெள்ளை நிறம். வெள்ளம் வந்த வருடக் கடைசி. முந்தின நாளிலிருந்து விடாமல் பெய்த மழை. நான்கு இன்ஜெக்டரையும் கழுவிப் புது ஃபில்டர் போட்டுக்கொண்டிருந்தபோது தண்ணீர் பட்டறைக்குள் வந்துவிட்டது. இரண்டோடு நிறுத்திவிட்டு மற்றவர்களின் கார்களை மேட்டுக்கு நகர்த்த ஓடினாள். திரும்பி வந்து, மூன்றை முடித்துவிட்ட நினைப்பில் நான்கை எடுத்திருக்கிறாள். சேற்றைக் கூட்டும்போது ஒரு புது ஃபில்டர் கிடைத்ததும் ஞாபகம் வந்தது. கூடுதலாக வந்தது என்று டப்பாவில் போட்டாள். பெட்ரோல் தொட்டிக்குள் இருந்த பெரிய ஃபில்டர் உழைத்த வரைக்கும் மூன்றாவது இன்ஜெக்டர் தப்பித்தது. அது நைந்ததும் தூசி நேரே இங்கே வந்துவிட்டது.

மேசைமேல் தின்னர் டின் இருந்தது. ஒரு தொடு தொட்டுத் துடைத்தால் மூன்று புள்ளியும் போய்விடும். ரம்லத் இன்னும் திரும்பவில்லை. கார்த்திகேசு பேப்பருக்குள் தலையை விட்டிருந்தார். துணியின் நுனியை தின்னரில் நனைத்தும்விட்டாள். பொய் சொல்லக் கூடாது என்றுதான் கை நின்றது என்று சொன்னால் அது அவளையே ஏமாற்றுவது. இருபத்திரண்டு வருட வாக்கியம், ரிவர்ஸ் போட்டுப் போன அந்த ஆள், ஊரின் வாய் எல்லாம் வரிசையாக வந்து "துடைச்சிடு" என்றன. அந்தப் பையனின் "சத்தியமா"தான் குறுக்கே வந்தது. உண்மையைச் சொன்னவனைப் பொய்யன் என்று நாலு பேர் கேட்கத் திட்டிவிட்டோமே என்று நெஞ்சு அறுத்தது. துணியைக் குப்பைத் தொட்டியில் எறிந்தாள்.

ரம்லத் டீயோடு வந்ததும் இன்ஜெக்டரை அவள் கையில் கொடுத்தாள். "இந்தப் புள்ளியைப் பாரு. இது என் நகச்சாயம். நாலு வருசத்துக்கு முன்னாடி, வெள்ளம் வந்தப்ப, இதைச் செஞ்சது நான்தான். ஃபில்டர் போட மறந்த குருட்டு ஜென்மம் நான்தான். வானொலி அண்ணே, நீங்களும் வந்து பாருங்க."

"அல்லாவே! அக்கா, விடுங்க, வெள்ளத்துல நடந்திருக்கும்" என்றாள் ரம்லத்.

"வெள்ளத்துலதான் நடந்துச்சு. ஆனா ஃபில்டர் போடாதது வெள்ளம் இல்லையே."

மறுபடி போனை எடுத்தாள். ஸ்பீக்கரில்தான். "தம்பி கமலநாதா, குமுதா பேசுறேன். நீ ரெயிலைக் கழட்டல. தப்பு என்னோடது. உன்னைப் பொய்யன்னு சொன்னேன், மன்னிச்சுக்கப்பா." ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சேர்த்துக்கொண்டாள்: "எஞ்சினைப் பிரிக்கச் சொன்னியே, அதுக்கு மட்டும் நீ திட்டு வாங்கலாம். அழுத்தம் பிடிச்சுப் பார்க்காம அதைச் சொல்லவே கூடாது."

அந்தப் பக்கத்திலிருந்து கமலநாதன் சொன்னான்: "பரவால்லக்கா. ஆனா கையெல்லாம் கிரீஸ்னு நானும் ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தேன். ஒரு அங்கிள் காடி விட வந்தவரு பக்கத்துல நின்னாரு. நீங்க பேசினதக் கேட்டுட்டு, அப்புறம் வரேன்னு கிளம்பிட்டாரு."

குமுதா கண்ணை மூடித் திறந்தாள். "அவர் நம்பர் இருக்கா?"

அந்த முகம் தெரியாத மனிதரையும் கூப்பிட்டாள். "சார், கிள்ளான்ல பட்டறை வச்சிருக்கிற குமுதா. கமலநாதனைக் கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி திட்டின பொம்பளை நான்தான். அந்தத் தம்பி மேல தப்பு இல்ல. அது நான் செஞ்ச தப்பு. நம்பி காடியை விடுங்க." அவர் "ஓ, பொம்பளை மெக்கானிக்கா?" என்றார். "ஆமா சார்" என்றாள் குமுதா. வழக்கமாக இந்த இடத்தில் சண்டை பிடிப்பாள். இன்றைக்குப் போனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

சோதனை மேசையில் மாட்டியபோது மூன்றாவது இன்ஜெக்டர் மூக்கு ஒழுகுவது போலச் சொட்டியது. மருந்துத் தொட்டியில் போட்டு அதிரவைத்து, திருப்பிப் போட்டுக் கழுவி, மீண்டும் மாட்டினாள். இப்போது பனிப்புகை மாதிரி தூவியது. நான்கிலும் புது ஃபில்டர், புது ரப்பர் வளையம். போடும்போது ஒவ்வொன்றையும் ரம்லத்திடம் காட்டி, அவள் வாயால் எண்ணச் சொன்னாள். பெட்ரோல் தொட்டிக்குள் இருந்த பெரிய ஃபில்டரையும் மாற்றினாள். சாவியைத் திருப்பியதும் வாஜா ஒரே பிடியில் எழுந்து சீராக ஓடியது. ரம்லத் டாஷ்போர்டில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பார்த்தாள், தண்ணீர் அசையவில்லை. அவள் கைப்பையைத் திறக்கவும் குமுதா முறைத்த முறைப்பில் மூடிவிட்டாள்.

கார்த்திகேசு கிளம்பும்போது கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "நான் வாயே திறக்க மாட்டேம்மா. கவலைப்படாதே."

"எதுக்குத் திறக்க மாட்டீங்க? என் நல்லதையெல்லாம் பிரிக்பீல்ட்ஸ் பூரா சொன்னீங்களே. இதையும் சொல்லுங்க. அந்தத் தம்பி பேரை விட்டுடாம சொல்லுங்க. பாதியில நிறுத்தினீங்கன்னு கேள்விப்பட்டேன், அடுத்த சனிக்கிழமை நாற்காலி கிடையாது."

ரம்லத் கதவைச் சாத்தி பெல்ட் போட்டாள். குமுதா சன்னலில் குனிந்தாள். "அடுத்த மாசம் இதே நாள் கொண்டு வா. நான் திறந்து பார்க்கணும்."

"உங்க கை பட்ட காடி திரும்பி வராதுன்னு சொன்னாங்களே அக்கா?"

"இது வரணும்" என்றாள் குமுதா.