சாப்பாட்டு அறைக்கு எழுதிய விளக்கு

வீட்டுக்கு உள்ளே எது எங்கே இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். செஞ்சியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அறை அறையாக நான் எழுதியதை வீட்டுக்காரர் படித்துச் சரி என்றால்தான் ஆசாரி மரத்தைத் தொடுவார். ‘அழகான அலமாரி’ என்று எழுதுகிறவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அழகை வைத்து ஆசாரி என்ன செய்வார்? நின்றபடி கை எட்டும் அலமாரி என்று எழுதினால் அவருக்கு வேலை ஓடும்.

யுத்தம் முடிந்த சமயம், ஆணிகூட லேசில் கிடைக்காது. ஈஸ்டருக்குப் பிறகு என் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். அழுகை வரவில்லை. மரக்கட்டை மாதிரி நடமாடினேன். அப்போது கைக்கு வந்தது ஒரே வேலை, ஜைன வியாபாரி ஒருவரின் புது வீடு. அதுவும் தவறினால் தொழிலை விட்டுவிட்டு, பட்டணத்தில் மைத்துனன் வீட்டில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

எழுதிக்கொண்டு போனேன். அவர் தம் மனைவிக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தார். கூடம், பூஜை அறை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சாப்பாட்டு அறை வந்தது. இலையில் நிழல் விழாதபடி உத்திரத்தில் ஒரு விளக்கு, காத்திருப்பவர் சாய்ந்துகொள்ளச் சுவரோரம் ஒரு பலகை. படிப்பதை நிறுத்திவிட்டார்.

“இன்னாங்க இது? பொழுது சாஞ்சா நாங்க சாப்புடறதில்லன்னு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாமல் என்ன? ஊருக்கே தெரியும். அவர்கள் வீட்டுப் பந்திகளில் பகலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். வேலை போயிற்று என்று நினைத்தேன். அதற்கும் மனசு அசையவில்லை.

காத்திருப்பது யார் என்று அந்த அம்மாள் கேட்டார்.

“எங்க வீட்டுக்காரிம்மா. நான் எந்நேரம் வந்தாலும் வெளக்க வச்சிக்கினு குந்தினு இருப்பா.”

என் மனைவி போனது அவர்களுக்கும் தெரியும். அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். அவர் தாளை என்னிடமே நீட்டி, விளக்கு என்று எழுதியதை மட்டும் அடித்துவிட்டு மறுநாளே ஆசாரியை அழைத்துவரச் சொன்னார். அடித்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, படவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் மலைமேல் இருந்தது. காலையில் வடித்த சோற்றில் மோரை ஊற்றி, இருட்டுவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்தேன். எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்கு நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. இனி யாரும் எனக்காக விழித்திருக்க வேண்டாம். கை கழுவப் போனவன் கழுவாமலே உட்கார்ந்து அழுதேன்.