கோவளம் சின்னராசுவும் அறுபத்தோராம் படமும்

கோவளத்துச் சின்னராசு முட்டை திருடியதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஆறு வருஷம் அவனைத் திருடன் என்று படம் போட்டுக் காட்டினார்கள். அந்தப் படம் காட்டும் மிஷினை ஓட்டியவன் நான்.

தொண்ணூற்றொன்றில் வாசுதேவன் சார் ஊரப்பாக்கத்திலிருந்து கோவளம் கரைக்கு வந்தார். பெரிய ஆபீஸ் வேலை, பெரிய கேமரா. இயற்கை நேசர் மன்றம் என்று ஒன்றைத் தொடங்கி, அதற்கு அவரே தலைவராகவும் ஆகியிருந்தார். கரையேறி மணலில் முட்டையிடும் பங்குனி ஆமையின் முட்டைகளை நாய் தோண்டுவதற்குள் எடுத்து, வேலி போட்ட இடத்தில் புதைத்து, குஞ்சு வந்ததும் கடலில் விடுவது அவர் திட்டம். நல்ல திட்டம்தான். முட்டை எங்கே கிடக்கும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் மணலைக் கிளறி, ஒற்றைச் செருப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார்.

பிறகுதான் சின்னராசுவைத் தேடிப் போனார். படகு கவிழ்ந்து இடது தோள் இறங்கியதிலிருந்து அவனால் வலை இழுக்க முடியாது. மனைவி ஞானம்மாள் மீன் கூடை சுமந்துதான் அடுப்பு எரிந்தது. ஆனால் விடிந்ததும் மணலில் தடத்தைப் பார்த்தே, ஆமை எங்கே முட்டையிட்டது, எங்கே சும்மா மண்ணைத் தள்ளிவிட்டுப் போனது என்று சொல்லிவிடுவான். நூறு முட்டையானாலும் புரட்டாமல் பையில் அடுக்கி வந்து, வேலிக்குள் அதே ஆழத்தில் வைப்பான். மூன்று வருஷம் செய்தான். சார் கொடுத்தது டீயும் பன்னும்.

ஒருநாள் வேலிக்குள் பள்ளத்தருகே குந்தி, இரண்டு கையிலும் முட்டையை ஏந்தியிருந்தான். சார் கேமராவைத் தூக்கி, "சிரிப்பா, நல்லா சிரி" என்றார். பாவி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

அதன்பிறகு சார் பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று படம் காட்டிப் பேசக் கிளம்பினார். எனக்குச் சிங்கப்பெருமாள் கோயிலில் மைக் செட் கடை. திரையும் ஸ்லைடு மிஷினும் நான் கொண்டுபோவேன். மொத்தம் எண்பது படம். முதல் அறுபதும் அமேசான் மழைக்காடு, போர்னியோ குரங்கு, எங்கிருந்தோ வாங்கியவை. சார் செங்கல்பட்டுக் கொளவாய் ஏரிக்கு அப்பால் போனதில்லை. ஆனால் அமேசான் மழையில் நேற்றுத்தான் நனைந்து வந்தவர் மாதிரி பேசுவார். ஜனங்கள் சுண்டலுக்காகக் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். அவர்களை எழுப்ப ஒரு வில்லன் தேவைப்பட்டான். அறுபத்தோராவது படமாகச் சின்னராசு வந்தான்.

"பாருங்கள், பேராசையின் முகம்! ஒரு தாயின் குழந்தைகளைத் திருடிவிட்டு எப்படிச் சிரிக்கிறான்!"

மண்டபமே உச்சுக் கொட்டும். கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வெளியே போய்ச் சுண்டலைத் தின்றுவிட்டு, பொட்டலத் தாளை வாசலிலேயே போடுவார்கள்.

முதல் நாளே கேட்டேன். "சார், இது நம்ம சின்னராசு இல்ல?"

"ஜனங்களுக்கு ஒரு முகம் வேணும்யா. அவன் இங்க வந்தா பாக்கப் போறான்? நீ மிஷினைப் பாரு."

நான் மிஷினைப் பார்த்தேன். அந்த ஸ்லைடின் வலது ஓரத்தில் மட்டும் சார் கறுப்பு டேப் ஒட்டியிருந்ததையும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

இரண்டாயிரத்தில், வனத்துறையில் கரை முட்டைக் காவலுக்குச் சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள். தோள் போனவனுக்கு அதைவிட்டால் வேறு வேலை ஏது? வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றான். பக்தவத்சலம் என்ற அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "நீ அந்த முட்டைத் திருடன் இல்ல? படத்துல பாத்தேனே" என்று துரத்திவிட்டார்.

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் என் கடைக்கு வந்தார்கள்.

"அண்ணாத்த, என்னிய எங்கியோ படம் காட்டிகினு கீறாங்களாமே. இன்னா படம் அது?"

சொன்னேன். ஞானம்மாள் விடவில்லை.

"ஆறு வருசமா வாயில இன்னா வெச்சிகினு இருந்தே? சுண்டலா?"

"ஞாயித்துக்கிழமை செங்கல்பட்டு மண்டபத்துல காட்றாங்க. அந்த அதிகாரிதான் தலைமை" என்றேன்.

"வர்றோம்" என்றான் சின்னராசு.

ஞாயிற்றுக்கிழமை அமேசான் முடிந்தது, குரங்கு முடிந்தது. "பேராசையின் முகம்!" என்று சார் கையை நீட்டியதும் கடைசி வரிசையில் சின்னராசு எழுந்தான்.

"நான்தான் சார் அது. அந்த முட்டைய எங்க கொண்டாந்து வெச்சேன்னு நீயே சொல்லு."

"யாரு இவனை உள்ள விட்டது? அடுத்த படம் போடுய்யா!"

நான் அடுத்த படம் போடவில்லை. அதே ஸ்லைடை உருவி, டேப்பை நகத்தால் கிழித்து, திரும்பப் போட்டேன். சின்னராசுவின் பக்கத்தில் மூங்கில் வேலியும், அதில் கட்டிய பலகையும் திரையில் விரிந்தன. மண்டபம் வாய்விட்டுப் படித்தது: ஆமைக் குஞ்சு பொரிக்கும் இடம், இயற்கை நேசர் மன்றம், தலைவர் வாசுதேவன், எம்.ஏ.

"உங்க போர்டுதானே இது?" என்றார் பக்தவத்சலம்.

"டெக்னிக்கல் மிஸ்டேக், சார்."

"டேப்பு தானா ஓடிப்போயி ஒட்டிகிச்சா?" என்றாள் ஞானம்மாள். அன்றுதான் அந்தக் கூட்டம் முழுசாக விழித்திருந்தது.

அத்தனை பேர் பார்க்க வேறு வழியில்லாமல், பக்தவத்சலம் அங்கேயே அவனை வேலைக்கு வரச் சொன்னார். வாசுதேவன் சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் மாதிரி ஆட்களுக்கு எதுவும் ஆகாது. நான் மிஷினை எடுத்துக்கொண்டு விலகினேன். அவர் வேறு மிஷின் பிடித்தார். டேப் இல்லாத அதே படத்தைப் போட்டு, "இவரை உருவாக்கியது நான்" என்று பேசினார். அதற்கும் கைதட்டினார்கள்.

அடுத்த மாசியில் நான் ஞானம்மாளிடம் மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தேன். சார் புதுக் கேமராவோடு வந்து நின்றார்.

"சின்னராசு, முட்டையோட ஒரு படம். சிரி பாக்கலாம்."

சின்னராசு முட்டைகளைப் பள்ளத்தில் வைத்து, மண்ணை மூடி, கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினான்.

"கேமராவ இப்படிக் குடு சார். நீ குந்து பள்ளத்தாண்ட. நான் புடிக்கிறேன்."

சார் என்னைப் பார்த்தார், ஞானம்மாளைப் பார்த்தார். பிறகு கேமராவைக் கொடுத்துவிட்டு, வெள்ளைப் பேண்டோடு குந்தினார்.

"சிரி சார். பல்லு நல்லா தெரியணும்."

சார் சிரிக்கவில்லை.