சாய்ஸில் விட்ட யூனிட்டைத் தேடி பிகால் வரை

ஞாயிறு காலை ஆறரைக்கு எழுந்ததும் முதல் வேலையாகக் கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டு என் பாடக்குறிப்பை வாய்விட்டுப் படித்தேன். ஐம்பத்தெட்டு நிமிடம். மாலை நான்கு மணிக்கு, பாரிஸ் லா ஷப்பேலில் ஒரு தமிழ் வாசகர் வட்டத்தில் அமெரிக்க இலக்கிய வரலாறு பற்றி நான் பேச வேண்டும். கல்லூரியில் பதினெட்டு வருடமாக நடத்தும் பாடம்தான். ஆனால் பரீட்சைக்காக இல்லாமல் கேட்க வருகிறவர்கள் முன் பேசியதே இல்லை. கோடை விடுமுறையில் இங்கே வர அது பாதிக் காரணம். 1920களில் அமெரிக்க எழுத்தாளர்கள் திரிந்த தெருக்களைப் பார்க்கும் ஆசை மீதிக் காரணம்.

ஒன்பதுக்கு, லா ஷப்பேலில் தங்கியிருந்த அறையிலிருந்து கிளம்பினேன். இரண்டாம் எண் மெட்ரோவில் ஒரு நிறுத்தம் போய், பார்பெஸில் நான்காம் எண்ணுக்கு மாறினால் வவான், அந்த எழுத்தாளர்கள் கூடிய பகுதி. அரை மணி நேரம், டிக்கெட் இரண்டரை யூரோ சொச்சம். அங்கே கஃபேயில் நின்று குடித்தால் காபி மலிவு. நான் உட்கார்ந்தேன், ஐந்து யூரோ. முதல் உலகப் போருக்குப் பின் இங்கே வந்து எழுதிய நவீனத்துவக்காரர்கள், அதாவது என் நான்காவது யூனிட், பக்கத்து மேசையில் இருப்பதுபோல் ஒரு நிறைவு.

பன்னிரண்டரைக்கு லா ஷப்பேல் திரும்பி, ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் கொத்துரொட்டி (ஒன்பது யூரோ, இரண்டு பேருக்குக் காணும்) சாப்பிடும்போது, வாசகர் வட்டத்தை நடத்தும் தயா அண்ணை வந்தார். ஈழத்தவர், அறுபது வயது இருக்கும்.

"எங்கை போனனீங்கள், ரீச்சர்?"

சொன்னேன்.

"அங்கை காசுள்ள ஆக்கள் எல்லே இருந்தவை. அதே காலத்திலை பிகால் பக்கத்து இரவு விடுதியிலை கோப்பை கழுவின கவிஞர் ஒருத்தர் இருந்தவரே, அவரைப் பாக்கேல்லையோ? நானும் அங்கைதான் பதினொரு வருசம் கழுவினனான். அவர் என்ரை சீனியர்."

நியூயார்க்கின் கறுப்பினக் கவிஞர் ஒருவரைச் சொன்னார். ஹார்லெம் மறுமலர்ச்சி என்கிற கறுப்பின இலக்கிய இயக்கம். எங்கள் பாடத்திட்டத்தில் ரொமாண்டிசிசம், ஆழ்நிலைவாதம், யதார்த்தவாதம், நவீனத்துவம் என்று நான்கு யூனிட். ஐந்தாவது கறுப்பின எழுத்து. வினாத்தாளில் நிறைய 'அல்லது' வருவதால் கடைசி யூனிட்டைச் சாய்ஸில் விட்டுவிடலாம். மாணவியாக விட்டேன். ஆசிரியையான பின் விடச் சொல்லியும் கொடுத்தேன். காலையில் படித்த ஐம்பத்தெட்டு நிமிடத்தில் அவர்கள் யாரும் இல்லை.

நடந்தே பிகால் போனேன். 1.7 கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம், பார்பெஸ் வரை தலைக்கு மேலே மெட்ரோ. பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே ஊர், ஒரே பத்தாண்டு, வவான் எழுத்தாளர்களுக்கும் பிகால் கவிஞருக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

கூட்டத்துக்கு இருபது பேர் வந்திருந்தார்கள். நவீனத்துவம் முடிந்ததும் நோட்டை மூடினேன். "இதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க. கறுப்பின எழுத்தை இத்தனை வருஷமும் சாய்ஸ்ல விட்டுட்டேன்."

பொபினி என்ற புறநகரிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா நிதானமாகச் சொன்னார்: "பதினெட்டு வருசமோ, ரீச்சர்? நாங்கள் பள்ளிக்கூடத்திலை ஏ.எல். சோதினைக்கு மட்டும்தான் சாய்ஸிலை விட்டனாங்கள்."

அறை சிரித்தது, நானும்தான். தயா அண்ணை பையிலிருந்து அந்தக் கவிஞரின் கவிதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை எடுத்தார். ஆறரை மணி வரை ஆளுக்கொரு வரியாகத் தமிழில் சொல்லிப் பார்த்தார்கள். நான் எழுதிக்கொண்டேன். பல வருடமாகத் தோளில் இருந்தது இறங்கிய மாதிரி இருந்தது.

போகிறவர்களுக்கு ஒன்று. வவானிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் நோத்ர்-தாம்-தே-ஷான் நிலையம். அங்கிருந்து பன்னிரண்டாம் எண் மெட்ரோ நேரே பிகால் போகும். இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

ஜூனில் கல்லூரி திறந்ததும் நான்கையும் ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்து, அதையே முதலில் நடத்தப் போகிறேன். பழைய குறிப்பை யாருக்கும் கொடுக்க மாட்டேன். தேர்ச்சி விகிதம் குறைந்தால் என்னைத்தான் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்கள். துறைத்தலைவரிடம் இன்னும் சொல்லவில்லை. வீட்டில்கூட.