செம்பருத்திக் காகிதம் சிவந்த மதியம்

இரண்டு வருடங்களுக்கு முன், கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் நடந்தது இது. அங்கே கழிப்பறைக்கு டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போயிருந்தேன். ஆறாம் வகுப்போடு படிப்பையும் வீட்டையும் விட்டுக் கிளம்பியவன் நான். திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளாவில் ஓட்டல், பிறகு போர்வெல் லாரி என்று எங்கேயும் ஒரு வருடம் தாண்டித் தங்கியதில்லை.

டைல்ஸ் ஒட்டி முடித்ததும் மேலே படிந்திருக்கும் சிமெண்ட் கறையை ஆசிட் ஊற்றித்தான் தேய்ப்போம். கேனைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அதனால் காலி தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் கலந்து கொஞ்சம் ஊற்றி வைத்துக்கொள்வது எங்கள் ஆட்களின் பழக்கம். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். வராந்தா ஓரத்தில் பாட்டிலை வைத்துவிட்டு பிரஷ் எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் பாட்டிலைக் காணவில்லை.

கூட வேலை செய்தவரிடம் கேட்டேன். "தண்ணினு நெனச்சுப் பிள்ளைக யாராச்சும் எடுத்துட்டுப் போயிருக்கும்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கும் உறைத்தது. பிரஷைக் கையிலேயே பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

நான் ஓடினேன். அடிபம்பில் யாரும் இல்லை. சத்துணவுக் கூடம் பூட்டியிருந்தது. முதல் வகுப்பறையில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அடுத்தது நாலாம் வகுப்பு. வாசலுக்குப் போனபோது உள்ளே ஒரு பையன் கெஞ்சுவது கேட்டது.

"ஏய், மிச்சத்தக் குடுடி. தாகமா இருக்கு."

"இருடா, தண்ணிதானான்னு பாத்துட்டுத் தாரேன்."

பாட்டில் ஒரு சிறுமியின் முன்னால், மூடி திறந்து இருந்தது. உட்கார்ந்திருந்த பிள்ளைகளைத் தாண்டி உள்ளே பாய்ந்தேன். அதற்குள் அவள் சொட்டு மருந்துக் குழாயை உள்ளே விட்டு, செம்பருத்திப் பூவைத் தேய்த்து நீலம் பாய்ந்திருந்த காகிதத்தில் ஒரு துளி விட்டாள். பக்கத்தில் எலுமிச்சைச் சாறு பட்ட காகிதம் சிவந்திருந்தது. இது அதைவிடச் சிவந்தது. இன்னொரு துளி சிமெண்ட் தரையில் விழுந்து நுரைத்தது.

"டீச்சர், இது தண்ணி இல்ல!"

"பேப்பர மாத்தி வச்சுட்டு கத விடுறா டீச்சர்" என்றான் பையன்.

"தொடாதீங்க, அது ஆசிட்!" என்று கத்தினேன்.

டீச்சர் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அந்தச் சிறுமியையும் பையனையும் அடிபம்புக்குக் கூட்டிப்போய்க் கைகளைக் கழுவ வைத்தார். விரல் விரலாகப் புரட்டிப் பார்த்தார். ஒரு துளியும் படவில்லை. அதைப் பார்த்ததும் வராந்தாப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அன்றைக்கு ஆளுக்கொரு திரவம் கொண்டு வந்து சோதிக்கும் பாடமாம். வராந்தாவில் இருந்ததைத் தண்ணீர் என்று நினைத்து அவள் எடுத்து வந்திருக்கிறாள். எதையும் வாயிலோ மூக்கிலோ வைக்காமல் அமிலம் பட்டால் சிவக்கும் அந்தக் காகிதத்தில் முதலில் பார்க்க வேண்டும் என்பது அந்த வகுப்பின் கட்டளை.

"குடிக்கிற பாட்டில்லயா ஊத்தி வப்பீங்க? ஒரு பேராச்சும் எழுதி ஒட்டக் கூடாதாங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"நான் ஆறாவதுக்கு மேல படிக்கலங்க, டீச்சர்."

அந்தச் சிறுமி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நாங்க நாலாவதுதாண்ணே படிக்கிறோம்."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. ஆசிட் முழுவதையும் கேனுக்கே திருப்பி ஊற்றிவிட்டு, காலி பாட்டிலை நசுக்கி எறிந்தேன்.

அதற்குப் பிறகும் ஊர் ஊராகத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். எந்த ஊரிலும் குழந்தைகள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால் ஒரு நொடி நின்றுவிடுகிறேன். தாகத்தோடு கை நீட்டிய ஒருவனை, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று ஒரு சிறுமி காக்க வைத்த அந்த அரை நிமிடத்தால்தான் நான் இன்றும் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.