பத்தடியும் பன்னிரண்டடிச் சந்தும்

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. தெருவுக்கு அவர் பத்தடி. தரைக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட் அறைகளில் ஊறுகிற தண்ணீரை வெளியேற்ற பம்ப் பொருத்துவது இருபத்திரண்டு வருஷமாக அவர் தொழில். அறையின் மூலையில் கான்கிரீட்டை உடைத்துக் குழி வெட்டுவார். துளை போட்ட தொட்டியை அதில் இறக்கி, சுற்றிலும் ஜல்லி கொட்டி, நடுவில் பம்பை உட்கார வைப்பார். குழியில் தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும். மிதவை ஏறினால் பம்ப் ஓடும். தண்ணீர் குழாய் வழியே வெளியே போய்விடும். வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்க அவருக்கு இரண்டு நிமிஷம் போதும். பிரசங்கம் அதற்கப்புறம்தான்.

"தண்ணிய வெளிய தள்றது ஒண்ணும் பெருசு இல்லைங்க. எங்க கொண்டுபோய் விடறோம்ங்கறதுதான் விஷயம். வீட்டுச் சுவத்துலேர்ந்து பத்தடி. ஒம்பதே முக்கால்ல விட்டீங்கன்னா சொந்தக்காரங்க மாதிரி திரும்பி வந்துரும்."

சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து டேப்பை உருவி, சுவரில் ஒரு முனையை வைத்து, மறு முனையோடு பின்பக்கமாகவே நடந்து போவார். பூச்செடியை மிதித்திருக்கிறார். ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த நாயின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். பத்தடி வருகிற வரைக்கும் திரும்பிப் பார்த்த வழக்கம் மட்டும் கிடையாது.

இப்பேர்ப்பட்டவர் வீட்டு பேஸ்மென்டில் பம்ப் இல்லை. "இந்த வீட்ட நான் பாத்து வாங்கினேன். இதுக்குக் கீழ கருவாடு மாதிரி காஞ்சு கிடக்கும்" என்பார். அந்தக் காய்ந்த அறையில்தான் அவர் மனைவியின் தையல் மெஷின் இருந்தது. பள்ளிக்கூட அரங்குகளுக்கும் சின்ன ஹோட்டல்களுக்கும் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். வெட்டு மேஜை, வெள்ளைத் துணிச் சுருள்கள், நூல்கண்டுகள் அடுக்கிய பலகை என்று அந்த அறை அவள் ராஜ்ஜியம்.

அவளுக்குத் தையல்கூட்டாளி ஒருத்தி உண்டு. பஸ் நிலையத்துக்கு அருகே மாடியில் அறை பிடித்திருந்தாள், பாதி இடம் காலியாக இருக்கிறது, வந்துவிடு என்று ஒரு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மனைவி போகவில்லை. ஆனால் மழைக்காலம் தொடங்கிய அன்று துணிச் சுருள்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இங்கே ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணால் பார்த்தால் அன்றைக்கே மெஷினை வண்டியில் ஏற்றிவிடுவேன் என்று கணவரிடம் சொல்லிவைத்தாள்.

பத்தடி சிரித்தார். உள்ளுக்குள் சிரிக்கவில்லை. தினமும் மதியம் சாப்பிட வீட்டுக்கு வருகிற மனுஷன் அவர். தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் காலுக்குக் கீழே மெஷின் கடகடவென்று ஓடும். நடுவே நிற்கும். நின்ற இடத்தில் நூல் அறுந்ததா, தையல் கோணியதா என்று இவராகவே கணக்குப் போட்டுக்கொண்டு அடுத்த வாய் எடுப்பார். அந்தச் சத்தம் பஸ் நிலையத்துக்குக் குடிபோய்விட்டால் சோறு எப்படி இறங்கும் என்பது அவருக்கே தெரியாது. இதை அவளிடம் சொன்னதில்லை. சொல்லிப் பழக்கமில்லை.

இந்த நிலையில்தான் பக்கத்து வீட்டு டீச்சர் பம்ப் கேட்டார். முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பத்தடி அந்த வேலையைத் தன் வீட்டு விசேஷம் போலச் செய்தார். குழி வெட்டினார், தொட்டி இறக்கினார், பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டினார். குழாயை இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலியில்லாமல் கிடந்த சந்துக்குக் கொண்டுவந்தார். டீச்சர் சுவரில் டேப்பை வைத்து, வழக்கம்போலப் பின்பக்கமாகவே நடந்தார். பத்தடி வந்தது. குழாய் வாயை அங்கேயே முடித்தார். டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "நூத்துக்கு நூறு போடலாம் தம்பி" என்றார். அன்று முழுக்க பத்தடிக்குக் கால் தரையில் படவில்லை.

நான்காம் நாள் மழை பிடித்தது. ஐந்தாம் நாள் மதியம், மனைவி நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரம், எதையோ தேடிக் கீழே இறங்கியவர் சந்துப் பக்கத்துச் சுவரோரம் காலை வைத்தார். காலுறை நனைந்தது.

பத்தடி முதலில் காலுறையைச் சந்தேகித்தார். அதைக் கழற்றிவிட்டு வெறும் காலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் நடந்ததெல்லாம் அவர் வயசுக்கு அழகில்லை. மேலே ஓடி, கைக்கு அகப்பட்ட தன் சட்டைகளைக் கொண்டுவந்து தரையை ஒற்றி எடுத்தார். ஐந்து சட்டை. பழைய இரும்பு அலமாரியை இழுத்து அந்த இடத்தை மறைத்தார். சட்டைகளைத் துவைத்து, வராந்தாவில் காயப்போட்டார். கல்யாணமான நாளாக ஒரு கைக்குட்டைகூடத் துவைக்காதவர். மனைவி வந்து சட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றை எடுத்து முகர்ந்தாள். 

அலமாரி ஏன் இங்கே வந்தது என்று மட்டும் சாயங்காலம் கேட்டாள். பழைய இடத்தில் வெளிச்சத்தை மறைக்கிறது என்றார். அந்தப் பக்கம் ஜன்னலே இல்லையே என்றாள். அதனால்தான் என்றார்.

அடுத்த மூன்று நாளும் மதியச் சாப்பாடு அவருக்குச் சரியாக இறங்கவில்லை. கீழே ஓடும் மெஷினைக் கேட்டபடியே, அலமாரிக்குப் பின்னால் என்ன நடக்கிறதோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. டீச்சர் வீட்டில் பம்ப் உறுமும். அது நின்று கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் தன் வீட்டுச் சுவரோரம் ஈரம் புதுசாக மின்னும். டீச்சர் பம்ப் ஓடாத நேரத்தில் தரை சும்மா கிடக்கும்.

இருக்கவே முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பத்தடியில் விட்ட தண்ணீர் திரும்பி வராது. டீச்சர் குழியில் நிறம் கலந்துவிட்டு, அந்த நிறம் இங்கே வரவில்லை என்று நிரூபித்துவிட்டால் வேறு காரணம் தேடலாம். மனைவி வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீல பாட்டிலைப் பலகையிலிருந்து எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார். இலவசப் பரிசோதனை என்றார்.

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பொருத்தி ரெண்டு வாரம்கூட ஆகவில்லையே என்று கேட்டார். நம்ம வேலை அப்படித்தான் என்றார் பத்தடி. டீச்சர் திரும்பிய நேரம் பார்த்துப் பாதி பாட்டிலைக் குழிக்குள் கவிழ்த்துவிட்டு, மிதவையைத் தட்டிக் கொடுத்து, எல்லாம் பிரமாதம் என்று சொல்லிவிட்டு வந்தார். பாட்டிலைத் திரும்பப் பலகையில் வைத்தபோது லேபிள் சுவரைப் பார்த்திருந்தது. அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை, மனைவி கீழேயே இருந்ததால் சுவரோரம் பார்க்க முடியாமலே ஆபீசுக்குப் போனார். மூன்று பேர் வேலை பார்க்கும் ஆபீஸ். போன் எடுத்து வேலைச் சீட்டு எழுதும் அக்கா, அன்றைய சீட்டை நீட்டினாள். முகத்தை ரொம்பச் சிரமப்பட்டு நேராக வைத்திருந்தாள்.

புகார்: பேஸ்மென்டில் தண்ணீர். நிறம்: நீலம். மறைத்துவைத்திருந்த இடம்: இரும்பு அலமாரிக்குப் பின்னால். வாடிக்கையாளர் குறிப்பு: பேச்சைக் குறைத்து வேலை பார்க்கும் ஆளாக அனுப்பவும். கீழே முகவரி. பத்தடி முகவரியை இரண்டு முறை படித்தார். இரண்டு முறையும் அது அவருடைய வீடுதான்.

"வேற யாரையாச்சும் அனுப்பேன்க்கா."

"வேற யாரு இருக்கா? முதலாளிக்கு முதுகுவலி. கிளம்பு."

சொந்த வீட்டு வாசலில் கருவிப் பெட்டியோடு நின்று மணி அடித்தார். மனைவி கதவைத் திறந்து, செருப்பை வெளியே விடச் சொல்லி, கீழே அழைத்துப் போனாள். இரும்பு அலமாரி பழைய இடத்துக்குப் போயிருந்தது. சுவரோரம் அழகாக, ஒரு கோடு போல நீலம். துணிச் சுருள்களைக் காணோம். வெட்டு மேஜைக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். மெஷினுக்கு உறை போட்டிருந்தது. அந்த உறையைப் பார்த்த பத்தடி கருவிப் பெட்டியைக் கீழே வைக்க மறந்தார்.

"எதனால வருதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள் மனைவி, முன்பின் தெரியாத ஆளிடம் பேசுவது போல.

நிலத்தடி நீர்மட்டம், மண்ணின் தன்மை, இந்த வருஷத்து மழை என்று அவர் ஆரம்பித்தார். டீச்சர் கையை உயர்த்தினார்.

"சந்து எத்தனை அடி தம்பி?"

"பன்னெண்டு, டீச்சர்."

"என் சுவத்துலேர்ந்து குழாய் வாய் எத்தனை அடி?"

"பத்து."

"பன்னெண்டுல பத்து போனா?"

பத்தடி தரையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாகப் பின்பக்கமாக நடந்தவர், முதல்முறையாகத் தன் முதுகுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யோசித்தார். அங்கே இருந்தது அவர் வீடு.

"ரெண்டு, டீச்சர்."

"நூத்துக்கு நூறுன்னு சொன்னேன். திருத்திக்கறேன்" என்று டீச்சர் எழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டே படி ஏறினார். மிச்சத்தை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள் என்பது போலக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

 மெஷின் உறையின் ஓரத்தை மனைவி இழுத்து நேராக்கினாள்.

"அஞ்சு சட்டைய நீங்க துவைச்ச அன்னைக்கே துணியெல்லாம் மேல கொண்டுபோயிட்டேன். நீங்க அலமாரியையே பாத்துட்டிருந்தீங்க, கவனிக்கல" என்றாள். "தண்ணி வந்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. தண்ணி எங்கயும் வரும். வீட்டுக்குள்ளயே என்னை வாடிக்கைக்காரி மாதிரி ஏமாத்தினீங்க பாருங்க. அதான் வாடிக்கைக்காரியாவே போன் பண்ணேன்."

"நீ போயிடுவியேன்னுதான்."

"எங்க?"

"பஸ் நிலையத்துக்கு." அவர் குரல் இறங்கியது. "சாப்பிடறப்ப கீழ மெஷின் ஓடணும் எனக்கு. இல்லன்னா சோறு இறங்காது."

மனைவி மெஷின் உறையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்து இதைச் சொல்ல ஒரு குழாய் தப்பான இடத்தில் முடிய வேண்டியிருந்ததா என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் சுத்தியலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மூலையைக் காட்டினாள்.

அன்று சாயங்காலத்துக்குள் டீச்சர் வீட்டுக் குழாய் சந்தைத் தாண்டி நீண்டு, தெருச் சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பதிக்கும்போது பத்தடி முன்பக்கமாக நடந்தார். டீச்சர் ஜன்னலிலிருந்து கண்காணித்தார். மறுநாள் தன் வீட்டு மூலையில் குழி வெட்டி, தொட்டி இறக்கி, ஜல்லி போட்டு, பம்பை உட்கார வைத்தார். மனைவி பக்கெட்டில் தண்ணீர் ஊற்றினாள். மிதவை ஏறியது, பம்ப் உறுமியது, குழி வடிந்தது. இவர் பிரசங்கத்துக்கு வாயைத் திறந்தார். அவள் வேலைச் சீட்டின் குறிப்பு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். வாயை மூடிக்கொண்டார்.

சீட்டில் இரண்டு கட்டம் மிச்சம் இருந்தது. கோளாறின் காரணம் என்ற கட்டத்தில் "பொருத்தியவர் திரும்பிப் பார்க்கவில்லை" என்று அவரையே எழுதவைத்துக் கையெழுத்து வாங்கினாள். வாடிக்கையாளருக்குத் திருப்தியா என்ற கட்டத்தில் மட்டும் பேனாவை வைக்க மறுத்துவிட்டாள்.

"மழை வரட்டும். அப்புறம் பாக்கலாம்."

சீட்டு இல்லாமல் ஆபீசுக்கு எப்படிப் போவது என்று அவர் கேட்டார். அது உங்கள் கவலை என்றாள். மறுநாள் மதியம் பத்தடி தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது கீழே சத்தமே இல்லை. கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. துணிச் சுருளை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் உறையை உதறுகிற சத்தம்.

மெஷின் ஓடத் தொடங்கியது. நாலு நிமிஷம் ஓடி நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர் அடுத்த வாய் எடுத்தார்.